மடிக் கிணற்றில் விட்ட மீன்கள்

ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றை நான் தொடக்கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கோ டீச்சர், அந்தத் தீர்த்தம்தான் பெருமாளுக்குப் போறது" என்றார் அந்த வீட்டு மாமி. நான் திருச்சியில் மாதா கோவிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். மடி என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளித்து, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் இறைக்கிற தண்ணீர் அது. நான் தொட்டால் கயிறு போச்சு, வாளி போச்சு, கிணறே போச்சு. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலம் முழுக்க மனதுக்குள் அந்த மாமியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆனால் எனக்கு அந்தக் கிணறு வேண்டியிருந்தது. நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவிகளுக்குத் தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டுவது சம்பளத்துக்கு. மிச்ச நேரமெல்லாம் கொசு. லேபின் மூலை அறையில் வலை கட்டிய கூண்டுகளில் கொசு வளர்த்தேன். பெண் கொசுவுக்கு ரத்தம் கிடைக்காவிட்டால் முட்டை வராது. முயல் வாங்கித் தருகிறேன் என்று என் பேராசிரியர் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பொறுமை இல்லாதவள். என் கையையே கூண்டுக்குள் விட்டேன். முழங்கை வரை தடித்துக் கிடந்த அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "இந்தக் கையில எவன் வந்து மோதிரம் போடுவான்?" என்று புலம்புவாள். யாரும் வந்து போடவில்லைதான். அதற்குக் காரணம் கை இல்லை, வாய்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மலேரியா, சுவர்களில் மருந்தடித்துப் போட்ட முத்திரைகள் அழிவதற்குள் திரும்பி வந்துவிட்டது. கிராமத்துக்கு ஒரு கொசு என்றால் டவுனுக்கு வேறு கொசு. டவுனில் மலேரியாவைச் சுமக்கிற கொசு சாக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஸ்ரீரங்கத்து ஆசாரமான வீடுகளிலோ குழாய்த் தண்ணீர் சமையலுக்கும் பூஜைக்கும் ஆகாது. குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது, செத்த மாட்டுத் தோலை உரசிக்கொண்டு வருகிற தண்ணீர் பெருமாளுக்கு எப்படி ஆகும் என்பது அவர்கள் கேள்வி. அதனால் வீட்டுக்கு வீடு கிணறு உயிரோடு இருந்தது. கொசுவும் ஆசாரக்காரிதான், மாமியும் ஆசாரக்காரிதான். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத் தேடினார்கள். அதுதான் தொல்லை.

நகராட்சியின் சுகாதார அதிகாரி இந்தத் தொல்லைக்கு ஒரே மருந்துதான் வைத்திருந்தார். மலேரியா எண்ணெய். கறுப்பாக, மண்ணெண்ணெய் வாடையோடு இருக்கும். மேலே ஒரு படலம் போட்டுவிட்டால் புழுக்கள் மூச்சு விட முடியாமல் சாகும். அந்தக் கிணற்றுத் தண்ணீரை அப்புறம் மாடுகூடக் குடிக்காது. பக்கத்துத் தெருவில் ஊற்றப்போனபோது ஆட்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்திப் பெரிய ரகளை. நான் அவரிடம் போய், ஒரு தெருவை மட்டும் என்னிடம் விடுங்கள், மீன் விட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"சித்திரைத் தேருக்கு ஊர் ஜனம் பூரா இங்கதான் வரும் மேடம். அதுக்குள்ள உங்க மீன் வேலையக் காட்டணும். இல்லேன்னா என் டிரம் வந்து வாசல்ல நிக்கும்" என்றார்.

மீன் என்றால் பெரிய மீன் இல்லை. கம்பூசியா என்று பெயர். சுண்டுவிரல் பாதி நீளம் இருக்கும். தண்ணீர் மட்டத்திலேயே வாயை வைத்துக்கொண்டு கொசுப் புழுவைப் பொறுக்கித் தின்னும். எவர்சில்வர் தூக்கில் அவற்றை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். ஒரு முறை மூடி நழுவியபோது எட்டிப் பார்த்த கண்டக்டர், "எத்தனை டிக்கெட் போடட்டுங்க?" என்றார். அன்று எனக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை. சுத்த சைவத் தெருவில், பெருமாள் தீர்த்தக் கிணற்றில், மீனை விட வேண்டும் என்று கேட்கப் போய்க்கொண்டிருந்தேன்.

தெருவின் பஜனை மடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்கட்டில் நின்றார்கள். "இந்த மீன் கொசுப் புழுவைத் தின்னும்" என்று நான் நேராகத்தான் சொன்னேன். மடத்தில் முகங்கள் சுளித்தன. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். என் கதை முடிந்தது என்று தூக்கை எடுக்கப் போனபோது மாமியின் கணவர் எழுந்தார். அவர் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் வக்கீல் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே நின்ற ஆசையெல்லாம் தெருக் கூட்டத்தில்தான் தீரும்.

"பகவானோட முதல் அவதாரமே மத்ஸ்யம். பிரளய ஜலத்துல இருந்தவர் நம்மாத்துக் கிணத்துல இருக்கப்படாதா? ஜலத்தைச் சுத்தி பண்றதுன்னு டீச்சர் சொல்றா. வேறென்ன வேணும்?" என்றார்.

கேஸ் ஜெயித்துவிட்டது. பின்கட்டு வரை என் குரல் எட்டியதா என்று எனக்குத் தெரியாது. அவர் குரல் நிச்சயம் எட்டியது. மறுநாள் நான் மீன் விடப்போனபோது பல வீடுகளில் கிணற்றடியில் கோலம் போட்டிருந்தார்கள்.

அதன்பிறகு வாராவாரம் போவேன். புழு இருக்கிறதா என்று பார்க்க வாளியை ஒரு விதமாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் அத்தனையும் ஆழத்துக்கு ஓடிவிடும். நிழல் விழுந்தாலே ஓடும். சுவரோரமாகச் சாய்த்து, தண்ணீர் தானாக வாளிக்குள் வழிகிற மாதிரி விட வேண்டும். இதை நானே செய்திருந்தால் நிமிஷத்தில் முடிந்திருக்கும். கயிறுதான் எனக்கில்லையே. கிணற்றடிப் படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சாச்சு விடுங்க மாமி, அவசரப்படாதீங்க, சாச்சு விடுங்க" என்று கத்துவேன். மாமி இறைத்து, என் வெள்ளைப் பீங்கான் தட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி என் புடவையில் விழும்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இறைக்கறேன். என்னை அவசரப்படாதேங்கறேள். நீங்கதான் பறக்கறேள்" என்பார்.

தட்டில் புழுக்கள் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். மலேரியாக் கொசுவின் புழு அப்படித்தான் படுக்கும், தலைகீழாகத் தொங்காது. மாமி அதைப் பார்த்து அருவருப்பு எதுவும் காட்டமாட்டார். பூஜைக்கு எடுக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு, துணியில் தங்குவதைக் கிணற்றிலேயே உதறிவிடுவார். "அதுவும் ஜீவன்தானே" என்பார். எனக்குக் கோபம் வரும். கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் கோபப்பட எனக்கு வழியில்லை.

புழு குறையவில்லை. வாரங்கள் போயின, பங்குனி வந்தது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, புழு மட்டும் அப்படியே இருந்தது. மீன்கள் சாகவும் இல்லை. கொழுத்துப்போய் இருந்தன. இன்னொன்றும் கவனித்தேன். வாளியின் நிழல் விழுந்தால் பயந்து ஓட வேண்டிய மீன்கள், கூட்டமாக மேலே ஏறி வந்தன. வேடிக்கையாக இருக்கிறது என்று நினைத்ததோடு சரி. லேப் தொட்டியில் இதே மீன் புழுவை விட்ட கொஞ்ச நேரத்தில் துடைத்து வைத்தது. கிணற்றில் மட்டும் ஏன் இப்படி? பேராசிரியர், "வேற மீன் பாரும்மா" என்றார். தெருவில் மற்றக் கிணறுகளும் இதே நிலைதான். சுகாதார அதிகாரி வழியில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "என்ன மேடம், மீன் தூங்குதா?" என்பார். எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது அந்த நாட்களில்தான்.

அப்படி இருக்கும்போது மாமியின் மகள் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம். சீமந்தம் முடித்து அழைத்து வந்திருந்தார்கள். வெளிறிய பெண். கிணற்றடியை ஒட்டிய அறையைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள், அங்கேதான் காற்று வரும் என்று. அந்த ஜன்னலுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு துளசி மாடம்தான். அதைப் பார்த்த நாளே கொசுவலை கட்டுங்கள் என்று சொன்னேன். புழுங்குகிறது என்று அவள் கட்டவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் போனபோது மாமி கிணற்றடியில் இல்லை. பங்குனி வெயில், ஓட்டிலிருந்து அனல் இறங்குகிறது. உள்ளே அந்தப் பெண் இரண்டு கம்பளிக்குக் கீழே பல் கிட்டக் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, குளிர்றதும்மா, குளிர்றது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமி அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தும் இப்படி இருந்துச்சா மாமி?"

"நேத்து நன்னா எழுந்து சாப்பிட்டாளே. முந்தாநாள்தான் இப்படி. டைபாய்டா இருக்கும்னு தெருக்கோடி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற நடுக்கம் மலேரியாவுடையது. பையைத் திறந்தேன். ஊசியும் கண்ணாடித் துண்டுகளும் எப்போதும் என் பையில் இருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வேண்டும் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் குத்தக்கூடாது என்று மாமி குறுக்கே வந்து நின்றார். என்னைத் தடுத்தது அவருடைய மடி இல்லை, பயம். கம்பளிக்குள்ளிருந்து அந்தப் பெண்தான் கையை நீட்டினாள். "குத்துங்கோ. நேக்கு என்னன்னு தெரிஞ்சா போறும்" என்றாள்.

அந்தப் பஸ் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். ரத்தம் தடவிய கண்ணாடிகளை டப்பாவில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் ஒரு மாட்டுவண்டி மறித்துக்கொண்டு நகரவே இல்லை. இறங்கி நடக்கலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். லேபுக்குப் போய்ச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது வாட்ச்மேன் பூட்டுச் சாவியோடு வாசலில் நின்றார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன்.

சிவப்பணுக்களுக்குள் வளையங்கள் இருந்தன. நீலக் கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்த மோதிரம் மாதிரி. மாணவிகளுக்குப் படத்தில் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். தெரிந்த ஒருத்தியின் ரத்தத்தில் பார்ப்பது வேறு. மலேரியா என்பது முடிவாகிவிட்டது. எந்த மலேரியா என்பதுதான் அப்புறம். மூளைக்கு ஏறிக் கொல்கிற வகை என்றால் வாழைப்பழம் மாதிரி வளைந்த உருவங்கள் தெரியலாம். கண்ணாடியைத் துளித்துளியாக நகர்த்தி அதைத்தான் தேடினேன். கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒரு பொருளைத் தேடுவது என்ன கொடுமை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடி ஓரம் வரை இல்லை. இரண்டாவது கண்ணாடியிலும் இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வாட்ச்மேன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை தில்லை நகரில் பிரசவம் பார்க்கிற ஒரு லேடி டாக்டரிடம் அந்தப் பெண்ணை அழைத்துப் போனோம். டாக்டர் கண்ணாடியைத் தானே ஒரு முறை பார்த்தார். மாத்திரை எழுதினார். பிறகு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் மாமியையும் வெளியே கூப்பிட்டார்.

"மாத்திரைக்குக் காய்ச்சல் விட்டுரும்ங்க. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. பிரசவத்துக்குள்ள இன்னொரு தடவை இது வந்துச்சுன்னா தாயும் தாங்க மாட்டா, குழந்தையும் தாங்காது. ஒரு கொசு கடிக்கக்கூடாது, புரியுதுங்களா?"

மாமிக்குப் புரிந்தது. எனக்கு அதற்கு மேலேயும் புரிந்தது. இவள் ரத்தத்தைக் குடித்த கொசு தெருவில் யாரைக் கடிக்கப் போகிறதோ. அந்தக் கொசுக்களை வளர்த்து அனுப்புவது ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கிணறு. அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பு நான்.

குமாஸ்தா மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "மாமா, என் மீன் தோத்துருச்சு. எண்ணெய் ஊத்தச் சொல்லிடலாம்."

அவர் வாதாடவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்குப் போனார். நாளை மறுநாள் காலை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமி சமையலறை வாசலில் நின்று, "பெருமாளுக்கு எதுல திருமஞ்சனம் பண்றது?" என்று ஒரு தடவை கேட்டார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

எண்ணெய்க்கு முன்னால் கடைசியாக ஒரு தட்டு பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போனேன். வழக்கமாக மத்தியானம்தான் போவேன். மாமி அப்போதுதான் பூஜை முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை இறக்கி இறைத்து ஊற்றினார். தட்டில் புழுக்கள் இருந்தன. ஒரு மீனும் வந்திருந்தது. அவற்றோடு வெள்ளையாக என்னவோ மிதந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். பொரி.

"இது எப்படி மாமி கிணத்துக்குள்ள வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்" என்றார் மாமி. "தினம் திருவாராதனம் ஆனதும் போடுவேன். வெல்லப்பொரின்னா உசிர் அதுகளுக்கு. நிழலைப் பார்த்தாலே ஓடி வந்துடும்."

"தினமுமா?"

"நம்மாத்துக்குப் பகவான் வந்திருக்கார், பட்டினி போடுவாளா? தெருவில எல்லாரும்தான் போடறா. எதிராத்துல அக்காரவடிசல் பண்ணினாக்கூட முதல்ல மீனுக்குத்தான்."

எனக்கு நின்ற இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. எத்தனை வாரம்! நான் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், மீனைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். பெருமாள் பிரசாதம் தின்று கொழுத்துக் கிடந்திருக்கிறது ஒரு தெருவின் மீன் முழுக்க. வெல்லப்பொரி கிடைக்கிறவன் எதற்குப் புழுவைத் தின்பான்?

"மாமி, அதுக்குச் சாப்பாடு போடக்கூடாது! அதோட சாப்பாடே இந்தப் புழுதான். அதைத் தின்னத்தான் அதை விட்டேன்!"

மாமி புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அந்த முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஜலத்தைச் சுத்தி பண்றதுன்னாரே."

"தின்னுதான் மாமி சுத்தம் பண்ணும்."

"பெருமாள் தீர்த்தத்துலயா? உயிரைக் கொன்னா? இத்தனை நாளா?"

"இத்தனை நாளா ஒண்ணும் கொல்லல மாமி. அதான் இப்ப இந்தக் கதி" என்றேன். சொன்னது கொடூரமாகத்தான் இருந்தது. உள்ளே அவர் மகள் இருமினாள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

தட்டிலிருந்த பொரியை விரலால் ஒதுக்கி எடுத்தேன். தட்டைப் படியில் வைத்துவிட்டு, "பாருங்க" என்றேன். அந்த மீன் கொஞ்ச நேரம் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. பொரி வரும் என்று எங்களை அண்ணாந்து பார்க்கிற மாதிரிகூட இருந்தது. அன்றைக்குப் போட்ட பொரி அந்த மீனுக்கு இன்னும் எட்டியிருக்காது என்று நினைக்கிறேன், மாமி அப்போதுதான் போட்டிருந்தார். பசி. சட்டென்று திரும்பி ஒரு புழுவைக் கவ்வியது. பிறகு இன்னொன்று. தட்டு காலியாகும் வரை மாமி கண்ணை எடுக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

பூஜை அறைக்குப் போய்ப் பொரிக் கிண்ணத்தை எடுத்து வந்தார். முற்றத்துச் சுவர் மேல் காக்காய்க்குக் கொட்டினார்.

"என் பொண்ணு பொழைக்கணும்" என்றார். "மத்தவாகிட்ட இதைச் சொல்லாதேங்கோ. பொரி தின்னா மீன் செத்துப்போயிடும்னு சொல்லுங்கோ, எல்லாரும் நிறுத்திடுவா. இது தெரிஞ்சா மீனையே எடுத்து வெளியில விட்டுடுவா."

அன்று பகலெல்லாம் வெயிலில் வீடு வீடாக மாமியே போனார். எனக்கு வாசல், அவருக்கு உள்கட்டு. "மீனுக்கு ஆகலையாம், டீச்சர் சொல்றா, யாரும் ஒண்ணும் போடாதேங்கோ" என்று ஒவ்வொரு கிணற்றடியிலும் அவர் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலை டிரம் வந்து நின்றது. மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, வலைக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதிகாரியின் முன்னால் நின்று, ஊற்றுவதற்கு முன் தண்ணீரை ஒரு முறை பாருங்கள் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு நாள் பட்டினியில் எவ்வளவு தின்றிருக்கும்? குறைந்திருந்தால் போதாது, இருக்கவே கூடாது. இருந்தால் நானே ஊற்றச் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் பெண்ணை வைத்து நான் சூதாட முடியாது.

மாமி இறைத்தார். சுவரோரமாக, சாய்த்து, மெதுவாக. அதிகாரி தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி இறைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை எதிர்ச் சுவரோரத்தைக் காட்டி அங்கே என்றார். தெருவே வாசலில் நின்றது. எனக்கு அவர் சட்டைப் பொத்தானைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"ஒரு புழு இல்லையே மேடம். என்ன மந்திரம் போட்டீங்க?"

"பசி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தேர் முடியட்டும், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் கல்படியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தேர் முடிந்து சில நாளில் குழந்தை பிறந்தது. பெண். எடை குறைவுதான், ஆனால் தெருக்கோடி வரை கேட்கிற குரல். மாமியின் மகளுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை. பிறகு எனக்கு டாக்டர் பட்டம் வந்தது, லெக்சரர் வேலை வந்தது. எண்பதுகளில் யானைக்கால் கொசுவின் பின்னால் அலைந்தேன். மீன் விடப் போன ஊரிலெல்லாம் முதல் வார்த்தையாக, "இதுக்கு யாரும் சாப்பாடு போடாதீங்க" என்று சொன்னேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது குழந்தை பிறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போன முதல் நாள். வழக்கம்போலக் கிணற்றடிப் படிக்கு இந்தப் பக்கம் தட்டோடு நின்றேன். மாமி ஈரத்தலையோடு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, கயிற்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீயே இறைச்சுக்கோ."

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். நான் கையை நீட்டவில்லை. "மாமி, மடி..." என்றேன்.

"இந்தக் கிணத்துக்கு ஏதுடிம்மா இனிமே மடி? அது தினம் கொன்னு சாப்பிடறது. சாப்பிடட்டும், என் பேத்தி தூங்கறா. பெருமாளுக்கு நான் காவேரியிலேர்ந்து கொண்டு வந்துடறேன்."

சித்திரையில் காவிரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அக்கரையோரமாக ஒரு வாய்க்கால் அளவு ஓடும். அதுவரை சுடுமணல். அதில் நடந்து போய், குடத்தை நிறைத்து, யார் மேலும் படாமல் திரும்பி வர வேண்டும். தெருவில் எல்லோரும் பேத்தி பிறந்ததற்காக ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்களாம். அவர்கள் கிணறுகளில் மடி அப்படியே இருந்தது. மடத்தில் கேட்ட ஆண்கள் அவதாரத்தைப் பிடித்துக்கொண்டு புழுவை மறந்துவிட்டார்கள், தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எத்தனையோ நாள் நான் மனதுக்குள் சண்டை போட்டுக் கேட்டிருந்த கயிறு கைக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாக இல்லை.

வாளியை இறக்கினேன். பழகாத கையிலிருந்து கயிறு நழுவி, வாளி தொப்பென்று விழுந்தது. வாசல் ரேழி வரை போயிருந்த மாமி திரும்பிப் பார்த்தார்.

"சாச்சு விடு" என்றார். "அவசரப்படாதே, சாச்சு விடு." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.